ஹோமத்துக்கு முன் ஆட்டிக்கில் ஏறிய மகனுக்கு

தம்பி,

இந்த உறையைப் பிரிக்கும்போது கறுப்பாக ஏதாவது உதிர்ந்தால் பதறாதே. உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் கரி. இத்தனை வருடமாக என் தையல் நூல்கண்டுகளோடு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. உன் அப்பாவுக்குக்கூட அது தெரியாது. அது என்ன, ஏன் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் வரிக்கு வரி "ஓகே மா, ஓகே மா" என்பாய். காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விட்டது நான்தானே. முடியாத இடத்தில் மருமகள் காவ்யா வாசித்துக் காட்டட்டும்.

முதலில் நம் சண்டையை எழுதிவிடுகிறேன். அதில் நான் சொன்ன எதையும் திரும்பப் பெறுவதற்காக அல்ல. போன மாதம் டெக்ஸாஸில், ஆலனில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டைப் பார்க்க வந்தேன். கைக்குழந்தையோடு அதற்குள் குடிவந்துவிட்டீர்கள், கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஹோமம் வளர்க்கப்போகும் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே, கூரைக்குள் பதித்த விளக்குகளில் ஒன்று தானாக அணைந்தது. சுவிட்சை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே எரிந்தது. பிறகு பக்கத்து விளக்கு அணைந்தது. காபி ஆறிப்போனது. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லூஸ் கான்டாக்ட் மா. வீடு பழசுதானே, அப்படித்தான் இருக்கும்" என்றாய்.

"மேலே ஆட்டிக் பரண்ல வெயில் தடுக்கிற இன்சுலேஷன் எப்போ போட்டீங்க?"

"போன மாசம்தான். காகிதத் துகளை சூப்பரா ஊதி நிரப்பிட்டாங்க மா. முழங்கால் ஆழத்துக்கு இருக்கு. இனிமே டெக்ஸாஸ் வெயில் உள்ளயே வராது."

"கொட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு விளக்கையும் பார்த்தாங்களா?"

"அம்மா, அவங்க ப்ரொஃபெஷனல்ஸ்."

எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஏணி எங்கே என்று கேட்டேன். நீ கராஜ் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். "உங்களுக்கு அறுபத்தேழு வயசு மா. மேலே அடுப்பு மாதிரி கொதிக்கும். நான் ஏத்த மாட்டேன்" என்றாய். என் வயது ஏணிக்குத் தெரியாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் காவ்யா, பேச்சை மாற்றலாம் என்று நல்ல எண்ணத்தில், "அத்தை, ஹோமத்தன்னைக்குப் புகைல ஸ்மோக் அலாரம் அடிக்காம இருக்க எல்லாத்துக்கும் தலைக்குப் போடுற ஷவர் கேப் போட்டு மூடிடப் போறோம். இங்க எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள். அவ்வளவுதான். ஆட்டிக்கைப் பார்க்காமல் இந்த வீட்டில் ஹோமம் வளர்த்தால் நான் வரமாட்டேன் என்றேன். "சும்மா டிராமா பண்ணாதீங்க மா. முகூர்த்தம் ஃபிக்ஸ் பண்ணியாச்சு, ஐயர் சொல்லியாச்சு, காவ்யாவோட அப்பா அம்மா டிக்கெட் போட்டாச்சு" என்றாய். மறுநாள் காலை கிளம்பிவிட்டேன். காவ்யா கட்டிக்கொடுத்த இட்லியை விமானத்தில் சாப்பிட்டேன். கோபம் உன்மேல்தான், இட்லிமேல் இல்லை.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று புரிய, உனக்குத் தெரியாத என் பாதியைச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் இருந்தது டிபென்டன்ட் விசா. ஊதியம் வாங்கி எந்த வேலையும் செய்யக்கூடாது. நியூ ஜெர்சியில், உன் அப்பா வெஸ்ட் வின்ட்சரில் ரயில் ஏறி வேலைக்குப் போய்விடுவார். நீ பள்ளிக்கூடம் போய்விடுவாய். நான் டவுன் நூலகத்துக்கு நடந்து போவேன். அங்கே வீட்டு வேலைப் புத்தகங்கள் ஒரு முழு அலமாரி இருந்தன. குழாய் அடைப்பு எடுப்பது, சுவரில் ஓட்டை அடைப்பது, சுவிட்ச் மாற்றுவது என்று படம் போட்டு வைத்திருந்தார்கள். என் ஆங்கிலம் முழுக்க அந்தப் புத்தகங்களில் வந்தது. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் பார்ட்டியில் பேச வராது, ஹார்டுவேர் கடையில் பேச வரும். அந்தக் கடையில் கவுண்டரில் நின்ற மனிதர் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "டஸ் யுவர் ஹஸ்பண்ட் நோ?" என்று, கணவருக்குத் தெரியுமா என்று கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும், "ஹி டஸ் நாட் நோ ஹௌ", அவருக்குச் செய்யத் தெரியாது என்பேன்.

நம் வீட்டு ஹாலில் இருக்கும் ஆறு விளக்கும் நான் போட்டவை. சாப்பாட்டு அறையில் நான்கு, படுக்கையறை நடையில் மூன்று, அவையும் நான் போட்டவைதான். கூரையில் வட்டம் வெட்டியபோது விழுந்த வெள்ளைத் தூசி ஒரு வாரம் என் தலைமுடியில் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "ரொம்ப நீட்டா இருக்கே, யாருங்க கான்ட்ராக்டர்?" என்று கேட்பார்கள். உன் அப்பா கூசாமல், "ஐசலின் ஊர்ப் பக்கம் ஒருத்தர்" என்பார். யாராவது நம்பர் கேட்டால், "அவர் ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டாரே" என்பார். மனைவி ஆட்டிக்கில் தவழ்ந்து வேலை செய்தாள் என்று சொல்ல அவருக்கு வெட்கம். நான் சமையலறையில் வடை தட்டிக்கொண்டே அந்த ஃப்ளோரிடாக்காரனின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இதை நான் மன்னிக்கவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், மன்னிக்கும் உத்தேசம் இல்லை என்று.

அந்த ஆத்திரம்தான் என்னைத் தவறு செய்ய வைத்தது என்று நினைக்கிறேன். யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது, எனக்கே தெரியும் என்ற வீம்பு. நீ காலேஜ் சேர்ந்த இரண்டாவது வருடம். அந்தக் கோடையில் ஆட்டிக் முழுக்கப் பஞ்சு இன்சுலேஷன் சுருளை நானே விரித்தேன். அடியில் பழுப்புக் காகிதம் ஒட்டிய வகை. குளிர் ஒரு துளி இறங்கக்கூடாது என்று விளக்குகளின் தலைமேலும் நன்றாக இழுத்துப் போர்த்தினேன், குழந்தைக்குப் போர்த்துவதுபோல. விளக்கின் மேல்தகட்டில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. இன்சுலேஷன் மூன்று அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், இத்தனை வாட்டுக்கு மேல் பல்பு போடக்கூடாது என்று. அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள கம்பெனிக்காரர்கள் எழுதுவது என்று நினைத்தேன்.

பிறகு நவராத்திரி வந்தது. ஒன்பது படி கொலு. பொம்மைகளின் முகம் தெரியவில்லை என்று படிக்கு மேலே இருந்த இரண்டு விளக்கில் பெரிய பல்பாகப் போட்டேன். ஒன்பது நாளும் அணைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கொலு பார்க்க வந்த என் சிநேகிதி மைதிலி பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு விளக்கு அணைந்து, பாட்டு முடியும்போது எரிந்தது. "பாத்தீங்களா, அம்மன் கண் சிமிட்டுறாங்க!" என்று மைதிலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அதைப் பார்க்கவே பத்துப் பேர் வந்தார்கள். பாட்டுக்கு விளக்கு சிமிட்டுகிறதா என்று ராகம் மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் அவமானமாக இருந்தது. நான் போட்ட விளக்கு சரியாக எரியவில்லையே என்று.

அந்த விளக்கின் உச்சியில் ஒரு சின்னக் காவல் சுவிட்ச் உண்டு. சூடு அளவு மீறினால் தானே அணைக்கும், ஆறியதும் தானே விடும். அம்மனும் இல்லை, லூஸ் கான்டாக்டும் இல்லை, "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அது பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தேன். மேலே ஏறி, இரண்டு விளக்கிலும் அந்தச் சுவிட்சை வெட்டி எடுத்துவிட்டு, ஒயரை நேராக முறுக்கி இணைத்தேன். அதன்பிறகு சிமிட்டவே இல்லை. நான் சரி செய்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு கர்வம்.

சரஸ்வதி பூஜை அன்றைக்கு நீ காலேஜிலிருந்து வந்திருந்தாய். கொலுவுக்கு முன்னால் நின்று மூக்கைச் சுருக்கி, "பேப்பர் எரியுற ஸ்மெல் வருது மா" என்றாய். நான், "சாம்பிராணிடா. உனக்கு அமெரிக்க மூக்கு" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டுச் சுண்டல் எடுக்கப் போய்விட்டாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஊதுவத்தி, சாம்பிராணி, நெய் விளக்கு, கற்பூரம் எல்லாம் இருக்கிற வீட்டில் புகை வாசம் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசலுக்கு ஓடியிருப்பார்கள். நாம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அலாரத்தை நான்தான் காலையிலேயே கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுக்க ஸ்டூலில் ஏறியபோது, விளக்கைச் சுற்றிக் கூரையில் தோசை நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்துவிட்டு மேலே போய்ப் பஞ்சைத் தூக்கினேன். அடியில் இருந்த பழுப்புக் காகிதம் தீய்ந்த அப்பளம்போல் கையோடு நொறுங்கி வந்தது. பக்கத்தில் ஓடும் மரச்சட்டத்தின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கருத்திருந்தது. ஒயரின் மேலுறை விறைத்து, விரல் பட்டதும் வெடித்தது. சட்டத்தின் மேல் குந்தினேன். கீழே நீ போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. இன்னும் ஒரு நாள் கொலு இருந்திருந்தால் என்ற ஒரே நினைப்பு. அந்தக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். உறைக்குள் இருப்பது அதுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே டவுன் ஆபீசுக்குப் போய்ப் பெர்மிட் எழுதிக் கொடுத்தேன். பதிமூன்று விளக்கையும் பிடுங்கிவிட்டு, இன்சுலேஷன் மேலேயே படலாம் என்று ஐ.சி. முத்திரை போட்ட புது விளக்குகள் வாங்கிப் போட்டேன். ஒயர் இணைப்பு ஒவ்வொன்றையும் மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தேன். பக்கத்துச் சட்டத்தில் கறுப்பு மார்க்கரால், இது எந்த விளக்கு, எந்த பிரேக்கர், எத்தனை வாட், எப்போது போட்டது என்று தமிழில் எழுதினேன், பருப்பு டப்பாவில் எழுதுவதுபோல. இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இது என்ன எழுத்து?" என்றார். சொன்னேன். "யார் வேலை செய்தது?" என்றார். "நான்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே இடம் அந்த ஆட்டிக்தான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நான் கோபித்துக்கொண்டு வந்த நான்காவது நாள் உன்னிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தை இல்லை. வெறும் படம். சாம்பல் நிறக் காகிதத் துகள் குவியலை நீ கையால் ஒதுக்கியிருந்தாய். நடுவில் விளக்கின் தகரத் தலை. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் துகளெல்லாம் கறுப்பு. காவ்யாவுக்கு மஞ்சள் வெளிச்சம் பிடிக்கும் என்று பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன, சூடு கக்கும் பல்புகளையே நீங்கள் மாற்றாமல் வைத்திருந்தீர்கள். தகரத்தில் ஸ்டிக்கர் இருந்தது, அதே மூன்று அங்குலம். நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம் வந்தது என்று நினைக்காதே. வரவில்லை. அந்த ஹாலுக்கு அடுத்த அறையில்தான் என் பேத்தியின் தொட்டில்.

அதற்குப்பிறகு நீ செய்ததை எல்லாம் எனக்குக் காவ்யா சொன்னாள், நீ சொல்லவில்லை. அன்றைக்கே அந்த பிரேக்கரை இறக்கி அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, ஐயருக்குப் போன் செய்து முகூர்த்தத்தைத் தள்ளி வைத்தாய். உன் மாமனாரிடம் டிக்கெட்டை மாற்றச் சொன்னாய். சிட்டி ஆபீசில் கேட்டுப் பெர்மிட் வாங்கினாய். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் மட்டும் மேலே போனாய். மூக்கை மூடிக்கொண்டு, சட்டத்தின் மேல் பலகை போட்டு அதில்தான் கால் வைத்தாய். மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் இரண்டு தடவை பார்த்த பிறகே ஒயரைத் தொட்டாய். பதினோரு விளக்கையும் மாற்றினாய். கம்ப்யூட்டரைத் தட்டியே பழகிய கை அது. எல்லாவற்றையும்விட, இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை துகளை மறுபடி விளக்குகளின்மேல் தள்ளாமல் பொறுத்திருந்தாய். ஒரு வாரம் வீடு அனலாகக் கிடந்ததாம். அவசரப்படாமல் திறந்து வைத்துக் காத்திருப்பது எனக்கே வராத குணம். உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் அப்பாவிடமிருந்தாக இருக்கலாம், ஆனால் இதை அவரிடம் சொல்லாதே.

"லைட்டோட விளிம்புக்கும் கூரைக்கும் நடுவுல காத்துப் போகாம அடைச்சேன் மா, உங்க வீட்டுல அதைச் செஞ்சீங்களா?" என்று நீ போனில் கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடமா என்று போனை வைத்துவிட்டேன். முந்தாநாள் ஏறிப் பார்த்தேன். விளக்கின் தலைக்கு மேலே கூரைப் பலகையில், குளிர்காலத்து ஈரம் பட்டுப் பட்டுக் கறை. வீட்டுக் கதகதப்பு அந்த இடுக்கு வழியாகத்தான் இத்தனை வருடம் மேலே போயிருக்கிறது. நீ சொன்னது சரி. பாதி சரி. மீதிப் பாதியை நேரில் பேசிக்கொள்வோம். அடைக்கும் வேலையை நேற்றே தொடங்கிவிட்டேன்.

நேற்று மத்தியானம் காவ்யா கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா ஆலனுக்கு வந்து இறங்கியதும் கூரையைப் பார்த்து, "மாப்பிள்ளை, எல்லாம் புதுசா போட்டிருக்கீங்களே. யார் கான்ட்ராக்டர்?" என்று கேட்டாராம். நீ, "நான்தான் மாமா போட்டேன். கண்டுபிடிச்சது எங்க அம்மா. நியூ ஜெர்சில எங்க வீட்டு லைட்டு எல்லாம் அவங்க போட்டதுதான்" என்றாயாம். "யாரு, சம்பந்தியம்மாவா?" என்று அவர் கேட்டதற்கு, "ஆமா மாமா. எல்லாமே" என்றாயாம். அதோடு நில்லாமல் அவரை ஆட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாய். நீ சட்டத்தில் மார்க்கரால் எழுதியிருந்ததை அவர் டார்ச் அடித்துப் படித்தாராம், கோணல்மாணலான தமிழில், "ஹால் விளக்கு நான்கு. பிரேக்கர் ஒன்பது. மேலே மூடலாம். அம்மா கேட்டபடி செய்தது."

உன் அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். கூரையில் ஆறு விளக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், இன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல. பிறகு, "அந்த ஃப்ளோரிடா கான்ட்ராக்டர் திரும்பி வந்துட்டார் போலிருக்கே" என்றார். நான் எழுந்துபோய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வருகிறோம். ஹோமம் நடக்கும்போது தீயணைப்பான் உன் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். யாராவது ஒருவர் கும்பிடாமல், கண் திறந்து, மூக்கையும் திறந்து நிற்க வேண்டும். அது நான். அலாரங்களுக்கு ஷவர் கேப் போட்டுக்கொள், எத்தனை போட்டாய் என்று மட்டும் எண்ணி வை. ஐயர் எழுந்ததும், சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால், ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். பந்தியில் மறந்துபோவார்கள், எல்லோரும் மறப்பார்கள். அதை நான்தான் கழற்றுவேன். வயதைப் பற்றிப் பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொள்.

அம்மா